ஊரைக் காத்த நாய்க்கு எலும்பில் புற்றுநோய்

மும்பை பரேலில் மிருகங்களுக்கென்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 2000ம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே ஒரு போலீஸ் நாயைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். அதன் பாதங்கள் வீங்கி இருந்தன.

டாக்டர்கள் சோதித்தார்கள். வீக்கத்துக்குக் காரணம் சுளுக்கு அல்ல, முள் குத்தியதும் அல்ல. எலும்பில் புற்றுநோய்!

நவம்பர் 16ந் தேதி அந்த நாய் இறந்தது. அதற்கு வயது 8.

நாயின் உடலுக்கு மலர் வளையம் வைத்தார்கள். போலீஸ் உயர் அதிகாரிகள் வந்து நின்றார்கள். முழு மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

அந்த நாயின் பெயர் ஜஞ்சீர்.

வெள்ளிக்கிழமை பகல் 1-30 மணி

ஜஞ்சீருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதைத் தெரிந்துகொள்ள 1993ம் ஆண்டு மார்ச் 12ந் தேதிக்குப் போக வேண்டும். அப்போது நகரின் பெயர் பம்பாய்.

அன்று வெள்ளிக்கிழமை. பகல் 1-30 மணி. கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தாக்கள் டிபன் டப்பாவைத் திறக்கும் நேரம். பங்கு மார்க்கெட் கட்டிடத்தின் அடித்தளத்தில் பயங்கரமான குண்டு வெடித்தது.

அதோடு நிற்கவில்லை. ஏர் இந்தியா கட்டிடம், ஜவேரி பஜார், ஒர்லி செஞ்சுரி பஜார், தாதர் பிளாசா தியேட்டர் என்று சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் நகரின் பல மூலைகளில் குண்டுகள் வெடித்தன. 257 பேர் இறந்தார்கள். 700க்கும் அதிகமானவர்கள் காயம் அடைந்தார்கள்.

அன்று மாலை தாராவியிலும், மாட்டுங்காவிலும், சயான் கோலிவாடாவிலும் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் வரை பெண்கள் வாசலை விட்டு அசையவில்லை. அந்த மாலையை அனுபவித்தவர்கள் இன்றும் மறக்க மாட்டார்கள்.

வெடித்த குண்டுகள் சில. வெடிக்காமல் பதுக்கி வைத்திருந்தவை அதைவிட அதிகம். அவற்றைத் தேடும் வேலை மோப்ப நாய்களின் மூக்கை நம்பி நடந்தது.

ஜஞ்சீருக்கு அப்போது வயது 14 மாதம்தான். லாப்ரடார் ஜாதி. புனேயில் பயிற்சி முடித்து, வெடிகுண்டு கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்யும் படையில் 1992 டிசம்பரில்தான் சேர்ந்திருந்தது. மனிதக் கணக்கில் சொன்னால் தகுதிகாண் பருவம்கூட முடியாத புது உத்தியோகஸ்தன்!

மார்ச் 15ந் தேதி, மும்பாதேவி கோவிலுக்குப் பக்கத்தில் தன்ஜி தெருவில் நின்ற ஒரு ஸ்கூட்டரில் வெடிமருந்து இருப்பதை ஜஞ்சீர் காட்டிக் கொடுத்தது. அதன்பிறகு இடத்துக்கு இடம் தேடுதல் தொடர்ந்தது.

அந்தத் தொடர் குண்டு வெடிப்பை ஒட்டி ஜஞ்சீர் கண்டுபிடித்தவை என்று செய்தி நிறுவனங்கள் வெளியிட்ட கணக்கு இது: ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து 3,329 கிலோ. டெட்டனேட்டர்கள் 600. கையெறி குண்டுகள் 249. தோட்டாக்கள் 6,406.

இவற்றில் ஒரு பங்கு வெடித்திருந்தால்கூட எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்!

சம்பளம் ஒரு பந்து

ஜஞ்சீர் என்றால் சங்கிலி. 1973ல் அமிதாப் பச்சன் நடித்து வெளிவந்த இந்திப் படத்தின் பெயர் அது. அந்தக் கதைதான் தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த ‘சிரித்து வாழ வேண்டும்’ படமாக வந்தது. படத்தின் கதாநாயகன் போலீஸ் அதிகாரி. அந்தப் பெயரைத்தான் நாய்க்கு வைத்தார்கள்.

மோப்ப நாய்க்குப் பயிற்சி என்பது அடித்துச் சொல்லிக் கொடுப்பது அல்ல. நாயைப் பொறுத்தவரை அது விளையாட்டு. வெடிமருந்தின் வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், பயிற்சியாளர் தட்டிக் கொடுப்பார். அந்தப் பந்துக்காகவும் தட்டிக் கொடுப்புக்காகவும் அது நாள் முழுவதும் உழைக்கிறது.

குண்டைக் கண்டுபிடித்ததும் குரைக்கக் கூடாது, காலால் பிராண்டவும் கூடாது. பேசாமல் உட்கார்ந்துவிட வேண்டும். பிராண்டினால் குண்டு வெடிக்கலாம் அல்லவா? வெடிகுண்டு நாய்களைப் பழக்கும் முறை இது.

எதைத் தேடுகிறோம் என்ற ஆபத்து அந்த நாய்க்குத் தெரியாது. தெரிந்த மனிதன் பத்து அடி தள்ளி நிற்கிறான். தெரியாத நாய் மூக்கை அதன்மேல் வைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த நாய்க்கு மனிதன் கடன்பட்டிருக்கிறான்.

அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கும் நாள், நாய் நோயில் விழும் நாள்.

நொண்டுகிறது, அவ்வளவுதானே?

உடம்பு பெருத்த ஜாதி நாய்களுக்கு எலும்புப் புற்றுநோய் வருவது அபூர்வம் அல்ல. பெரும்பாலும் கால் எலும்பில் தொடங்கும். பின்னங்கால்களைவிட முன்னங்கால்களில் அதிகம்.

முதல் அறிகுறி நொண்டல். ஓடி விளையாடும்போது அடிபட்டிருக்கும் என்று வீட்டார் நினைப்பார்கள். இரண்டு நாள் தைலம் தடவுவார்கள். நொண்டல் குறைந்ததுபோல இருக்கும். மறுபடியும் வரும். பிறகு எலும்புக்கு மேல் வீக்கம் தெரியும். அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

இதில் நாயின் குணமும் சேர்ந்து ஏமாற்றுகிறது. வலியை வெளியே காட்டாமல் இருப்பது நாயின் பிறவிக் குணம். அதிலும் வேலைக்குப் பழகிய நாய், எஜமானன் கூப்பிட்டால் வலியோடும் எழுந்து வரும். வாலை ஆட்டும். வாலைப் பார்த்து உடம்பைக் கணக்கிடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு அரித்திருப்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் காலில் கண்டுபிடிக்கும் நேரத்தில், பத்தில் ஒன்பது நாய்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் நுரையீரலுக்கும் போயிருக்கும் என்கிறது மருத்துவம்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. நோய் கண்ட காலையே எடுத்து விடுவார்கள். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். ஆனால் பெரும்பாலான நாய்கள் மூன்று கால்களோடு சில வாரங்களில் நடக்கப் பழகிவிடும். தாங்க முடியாத வலி அந்தக் காலோடு போய்விடுகிறது.

காலை எடுப்பதோடு விட்டால், பொதுவாக நாலைந்து மாதம். பிறகு புற்றுநோய் மருந்தும் ஏற்றினால், பொதுவாக ஒரு வருடத்தை ஒட்டி. அதைத் தாண்டி வாழும் நாய்களும் உண்டு. ஆனாலும் அவை சிலதான்.

பரேலின் இரண்டு ஆஸ்பத்திரிகள்

பரேல் என்றால் தமிழர்களுக்குப் பழக்கமான பெயர். ஊரிலிருந்து யாருக்காவது ‘அந்த நோய்’ என்று கடிதமோ போனோ வந்தால், மும்பையில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோதான் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவார். நேராகப் பரேல். 1941ல் திறந்த டாடா நினைவு ஆஸ்பத்திரி அங்குதான் இருக்கிறது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பது, மருந்துச் சீட்டோடு கடை கடையாக அலைவது, சீட்டுப் பணத்தை முன்கூட்டி எடுப்பது எல்லாம் அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும்.

அதே பரேலில்தான் மிருகங்களுக்கான அந்த ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மில் முதலாளி சர் தின்ஷா பெட்டிட் 1880களில் ஏற்படுத்திக் கொடுத்தது. பாய் சகர்பாய் என்ற அவருடைய மனைவியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த வளாகத்திலேயே 1886ல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது.

டிராம் வண்டியையும் பார வண்டியையும் இழுத்த குதிரைகளும் மாடுகளும் நிறைந்த நகரம் அன்றைய பம்பாய். உழைத்துக் களைத்த மிருகங்களுக்கு ஒரு இடம் வேண்டும் என்று அன்றைக்கே ஒருவர் நினைத்திருக்கிறார். நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே நகரத்துக்காக உழைத்த ஜஞ்சீரின் கடைசி நாட்களும் அங்கேதான் கழிந்தன.

மனிதனுக்கும் நாய்க்கும் பரேலில் ஆஸ்பத்திரி வேறு. நோயின் பெயர் ஒன்று. டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் குடும்பத்தின் மனமும் ஒன்றுதான்.

பென்ஷன் இல்லாத உத்தியோகம்

ஜஞ்சீர் சர்க்கார் நாய். சர்வீசில் இருக்கும் போலீஸ் நாய்க்குச் சாப்பாடும் வைத்தியமும் சர்க்கார் செலவு. ஜஞ்சீரின் வைத்தியத்துக்கு யாரும் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஓய்வு பெற்ற நாய்க்கு? நோய் வருவதே பெரும்பாலும் அந்த வயதில்தானே! போலீஸ் நாய்கள் எட்டு, பத்து வயதில் ஓய்வு பெறுகின்றன. பல இடங்களில் அவற்றைத் தத்துக் கொடுக்கிறார்கள். தத்து எடுத்தவர் தலையில்தான் வைத்தியச் செலவும் விழுகிறது.

2008 நவம்பர் 26ந் தேதி மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலின்போது வேலை செய்த நாய்களில் மாக்ஸ், சுல்தான், டைகர், சீசர் என்ற நான்கும் ஓய்வுக்குப் பிறகு விராரில் ஒரு பண்ணை வீட்டில் அடைக்கலம் பெற்றன. ஒரு பிராணி அபிமானி அவற்றை வைத்துக் காப்பாற்றினார். நான்கும் 2016ம் ஆண்டிலேயே, ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. டைகர் போனபிறகு சீசர் சோர்ந்து போனது. கடைசியாக அக்டோபரில் அதுவும் போய்ச் சேர்ந்தது.

ராணுவ நாய்களின் கதை இன்னும் வேதனையானது. சேவைக்கு உதவாத நாய்களை ஊசி போட்டுக் கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. 2015ல் இது வெளியே வந்து, விஷயம் டில்லி ஐகோர்ட்டு வரை போனது. அவற்றைக் கொல்லாமல் வைத்துப் பராமரிக்க வழி வகுப்பதாகச் சர்க்கார் கோர்ட்டில் சொல்ல வேண்டியதாயிற்று.

குமாஸ்தா வீட்டுக் கணக்கு

சர்க்கார் பாடே இப்படி என்றால், மாதச் சம்பளக்காரன் வீட்டில் என்ன நடக்கும்?

வேலை செய்யும் நாய் போலீசில் மட்டும் இல்லை. இரவு முழுவதும் வாட்ச்மேனோடு சேர்ந்து கண் விழிக்கும் நாய் இருக்கிறது. கண் தெரியாத பெரியவரைத் தெருமுனை வரை கூட்டிப்போய்க் கூட்டி வரும் நாய் இருக்கிறது. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் பெண்ணுக்குச் சந்து முனையிலிருந்து துணையாக வரும் நாய் இருக்கிறது. இவற்றின் பெயர் எந்தச் சர்வீஸ் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

அப்படி ஒரு நாய் நொண்டினால் செலவு எந்த வழியில் எல்லாம் வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. பிறகு ஆபரேஷன், மயக்க மருந்து. அதன்பின் கட்டு மாற்றுவது, மாத்திரைகள். நாய்க்கு மருந்து உடல் எடையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். 30 கிலோ நாய்க்குச் சிறிய நாயைவிடப் பல மடங்கு மருந்து தேவைப்படும். பெரிய நாய்க்குப் பெரிய செலவு என்பது இதனால்தான். நொண்டும் நாயை எல்லா டாக்சிக்காரர்களும் ஏற்ற மாட்டார்கள் என்பதால் வண்டிக்கூலி தனி. லீவு போட்டால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய கூலியும் போகும்.

பையனுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுவதா, நாய்க்கு ஆபரேஷன் செய்வதா என்று இரவில் உட்கார்ந்து கணக்குப் போடும் வீடுகள் உண்டு. வெளியே சொன்னால் ‘ஒரு நாய்க்கா இவ்வளவு?’ என்று சிரிப்பார்கள் என்பதால் சொல்வதும் இல்லை. கடன் வாங்கிச் செலவு செய்தவர் கூச்சப்படுகிறார். செலவு செய்ய முடியாதவர் குற்ற உணர்ச்சியில் வேகிறார். இரண்டு பேருமே வெட்கப்பட வேண்டியது இல்லை.

பணம் இருந்தும் பிந்தியது

பணம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கும் மும்பையிலேயே ஒரு பதில் இருக்கிறது.

தொழிலதிபர் ரத்தன் டாடா நாய்களிடம் மிகுந்த பிரியம் உள்ளவர். அவர் தம் நாய் ஒன்றை மூட்டு மாற்று ஆபரேஷனுக்காக அமெரிக்காவில் உள்ள மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போனார். ஆனால் காலம் கடந்துவிட்டது. மாற்ற முடியாமல், மூட்டை ஒரே நிலையில் அசையாதபடி நிறுத்தி வைத்தார்கள். இதை அவரே பேட்டியில் சொல்லி இருக்கிறார்.

இப்படி ஒரு வசதி இங்கேயே வேண்டும் என்ற அவருடைய ஆசையில் எழுந்தது, மகாலட்சுமியில் 2024 ஜூலையில் திறந்த பிராணிகள் ஆஸ்பத்திரி. சில மாதங்களில், அக்டோபர் 9ந் தேதி, அவர் காலமானார்.

விமானத்தில் நாயைக் கொண்டுபோகக்கூடிய செல்வந்தருக்கும் நேரம் பிந்திவிட்டது. நாயின் நோயில் பணத்தைவிட முதலில் வேண்டியது கவனம். அது ஏழைக்கும் முடியும்.

கையில் இருக்கும் வழிகள்

நாய் ஒரு வாரத்துக்கு மேல் நொண்டினாலோ, ஒரே இடத்தில் வீக்கம் இருந்தாலோ, தைலத்தை நம்பி இருக்கக் கூடாது. சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரியிலோ, கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ, தர்ம ஸ்தாபனம் நடத்தும் ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டலாம். தனியார் கிளினிக்கைவிட அங்கே பொதுவாகச் செலவு குறையும்.

வீட்டில் இருக்கும் தலைவலி, காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. மனிதனுக்கு வலி போக்கும் மாத்திரைகள் பல, நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில சமயம் உயிரே போகும்.

டாக்டரிடம் வெட்கப்படாமல் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மொத்தம் எவ்வளவு ஆகும்? இவ்வளவு செய்தால் எத்தனை மாதம், எப்படி இருக்கும்? இது முடியாது என்றால் வலி இல்லாமல் வைத்திருக்க என்ன வழி? கையில் இருக்கும் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டால், நல்ல டாக்டர் அதற்குள் என்ன செய்யலாம் என்று பார்ப்பார்.

நாய்க்கு இன்சூரன்ஸ் பாலிசி உண்டு. பொதுத்துறைக் கம்பெனிகளிலும் இருக்கிறது. ஆனால் நோய் வருவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். வந்த நோய்க்குப் பிறகு எடுத்த பாலிசியில் பணம் வராது.

ஆபரேஷன் முடியாது என்று தீர்மானித்தாலும் வைத்தியம் முடிந்துவிடவில்லை. வலிக்கு மாத்திரை, வழுக்காத கோணிச் சாக்கு விரித்த படுக்கை, எட்டும் இடத்தில் தண்ணீர், படி ஏறாமல் தூக்கிவிட ஒரு கை. இவை பெரிய செலவு இல்லை. ஆனால் நாயின் கடைசி மாதங்கள் இவற்றால்தான் நன்றாகவோ மோசமாகவோ கழிகின்றன.

கடைசி நாள்

ஒரு நாள் வரும். மாத்திரைக்கும் வலி அடங்காது. பிரியமான சாப்பாட்டையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக் கொள்ளும். எழுந்து நிற்க முடியாது. கூப்பிட்டால் கண் மட்டும் அசையும்.

அந்த நிலையில் வலியில்லாமல் முடித்துவிடும் ஊசியைப் பற்றி டாக்டர் பேசுவார். ‘வளர்த்த கையாலேயே கொல்வதா?’ என்று மனம் கொதிக்கும். வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது அவரவர் மனச்சாட்சி. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நாயின் வலியை இன்னும் நீட்டுவது அதற்காகவா, பிரிய மனம் இல்லாத தனக்காகவா?

எந்த வழியானாலும், அந்த நேரத்தில் நாயை அன்னியர் கையில் விட்டுவிட்டு வெளியே போய் நிற்கக் கூடாது. ஆயுள் முழுவதும் ஒரு குரலுக்காகவே காத்துக் கிடந்த ஜீவன் அது. அந்தக் குரல் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கை அதன் தலையில் இருக்க வேண்டும்.

ஜஞ்சீருக்கு மலர் வளையம் கிடைத்தது. எல்லா நாய்க்கும் அது கிடைக்காது. கிடைத்த ஜஞ்சீருக்கும் மலர் வளையம் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டுதான். ஒரு பந்து. தட்டிக் கொடுக்கும் ஒரு கை.

அந்தக் கைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பில் போடுவது இல்லை.